ஆகஸ்ட் பதினாறைத் தூக்கிய நிபுணர்

இன்று காலை புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு பல் கிளினிக். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டுப் பேருக்கும் இன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் என்று மெசேஜ் போயிருந்தது. டாக்டர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"லீவாச்சேன்னு நெனச்சேன். மெசேஜ் வந்துச்சேன்னு வந்துட்டேன்" என்றார் வீங்கிய கன்னத்தோடு ஓர் அக்கா.

அந்த அப்பாயின்ட்மென்ட் புரோகிராமை விஷுவல் பேசிக் என்ற கணினி மொழியில் எழுதியவன் நான். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்து, "பழைய குப்பை" என்று சொல்லி அதைப் பைத்தானுக்கு மாற்றினார். அவருக்குப் போன் போட்டேன்.

"உங்க கோடுல ஆகஸ்ட் பதினஞ்சும் லீவு, பதினாறும் லீவுன்னு இருந்துச்சு சார். தப்புன்னு ஒண்ணத் தூக்கிட்டேன்."

"புதுச்சேரிக்கு ரெண்டு நாளும் லீவுங்க. பதினாறு, பிரெஞ்சுக்காரங்க சட்டப்படி எங்க ஊர இந்தியாவுக்குக் குடுத்த நாள். பக்கத்துலயே ஏன்னு விளக்கமா கமென்ட் எழுதியிருந்தேனே?"

"அது தமிழ்ல இருந்துச்சு. கமென்ட் எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன்."

அவர் பெயர் செந்தமிழ்ச்செல்வன்.

"கொஞ்சம் லைன்லயே இருந்தீங்கன்னா இப்பவே சரிபண்ணிடலாம் சார்" என்றார்.

"இன்னைக்கு எங்களுக்கு லீவு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நியாயம்தானே?