யானை ஏறாத மேடை

போன வாரம் ஊரில் பேருந்தை விட்டு இறங்கியதுமே எனாமல் பெயிண்ட் வாடை குப்பென்று அடித்தது. எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான். சாலையோரச் சுமைதாங்கிக்கு, அதாவது இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்குமே அதற்கு, தங்க வர்ணம் அடித்து வேலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் பலகை: ‘பல்லவ மன்னர் யானை ஏறிய மேடை’. வாய்விட்டுச் சிரித்திருப்பேன். ஆனால் அந்த யானையைப் பெற்றவனே நான்தான்.

எனாமல் வாடை வந்தாலே எனக்கு எங்கள் கோயில் கும்பாபிஷேகம்தான் ஞாபகம். கோபுரத்துக்கு வர்ணம் பூசிய அந்த வருஷம் நான் புது வாத்தியார். கும்பாபிஷேக மலர் போடுகிறோம், ஊர் வரலாறு எழுதிக் கொடுங்கள் என்றார்கள் கோயில்காரர்கள். தலைக்கனம் இருக்காதா? உட்கார்ந்து பார்த்தால் எழுத ஒன்றுமில்லை. பக்கத்து ஊர்களில் கூரத்துக்குச் செப்பேடு இருக்கிறது, திருப்பருத்திக்குன்றத்துக்குச் சமணக் கோயில் இருக்கிறது. எங்களுக்கு ஒரு பாசிக் குட்டை, சண்டை போட ஒரு வேப்பமரத்தடி, இந்தக் கல். மானம் போகிறதே என்று ஒரு மன்னரையும் யானையையும் ஓட்டி வந்து கல்லருகே நிறுத்தினேன். பட்டுக்கடை விளம்பரங்களுக்கு நடுவே இரண்டு பக்கம். கழுத்தளவு கல்லில் ஏற மன்னருக்கே ஏணி வேண்டுமே என்று இன்றுவரை ஒரு புத்திசாலியும் கேட்கவில்லை.

அது என் அத்தையின் கல். அப்பாவின் அக்கா குப்பம்மாள், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செத்துப்போனாள். அப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது வழக்கம். பெயரும் செதுக்கியிருந்தது. எழுதும்போது எனக்கு அதெல்லாம் தெரியும், அதுதான் அசிங்கம். அப்பா மலரைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

“எங்க அக்கா சுமை எறங்காமலே போயிட்டாப்பா. போறவங்க வர்றவங்க சுமையாச்சும் எறங்கட்டும்னுதான் அந்தக் கல்ல நட்டோம்,” என்றார். அதற்கப்புறம் சாகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

இப்போது பெயர் இருந்த இடத்தில் சிமெண்டு பூசி வர்ணம் அடித்திருக்கிறார்கள். நேரே ஊராட்சித் தலைவரிடம் போனேன். நான் எழுதியது பச்சைப் பொய், அத்தை பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் மேஜையிலிருந்து என் மலரையே எடுத்து என் முன்னால் வைத்தார்.

“நீங்க எழுதினத நீங்களே இல்லன்றீங்களே சார். வெளியூர்லேர்ந்துலாம் ஜனங்க வந்துக்கினு இருக்கறாங்க,” என்றார். கொஞ்சம் யோசித்தார். பெரிய மனசு பாருங்கள். “வேணும்னா அந்தம்மா பேரப் போட்டுடலாம் சார். ராஜாவோட ராணின்னு.”

காறித் துப்பியிருக்க வேண்டும். பெயராவது இருக்கட்டும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேற்று தலைவர் புதுப் பலகையின் போட்டோ அனுப்பினார். ‘மகாராணி குப்பம்மாதேவி’. எழுத்துக்கு மேலே படம் வேறு வரைந்திருந்தார்கள்: தலையில் கிரீடம், முகத்தில் சிரிப்பு. பிள்ளையைச் சுமந்தபடியே செத்த குப்பம்மாளைப் பற்றி இனி ஊரில் ஓர் எழுத்து கிடையாது. மிச்சமிருந்ததையும் தலையாட்டி அழித்துவிட்டேன்.