தம்பியின் லேப்டாப்பில் எலுமிச்சை விதை

என் தாய்மாமாவிடம் நான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விசேஷ வீடுகளில் எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு ஓட்டை லேப்டாப்புக்காக இப்படியா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம், ஒரு ஓட்டை லேப்டாப்புக்காகத்தான்.

அது என் தம்பியுடையது. உருமி மேளக் குழுக்கள் திருவிழாக்களில் வாசிப்பதைப் பதிவு செய்து, அதில் போட்டு வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவான். அவன் பிழைப்பு, சினேகிதம் எல்லாமே அதற்குள்தான். பிறகு அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. உடம்புக்கு என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். முடியாமல் போனது மனசுக்கு. தூங்கமாட்டான். தான் இல்லாத நேரத்தில் யாரோ அறைக்குள் வந்து தன் பொருள்களைத் தொடுகிறார்கள் என்பான். பாட்டுக்குள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பான்.

மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால், ஈப்போக்காரர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே ஒரு வசவு. அந்தப் பெயருக்குப் பயந்தே மாமா அவனை ஆஸ்பத்திரிக்கு விடாமல் பூசாரிகளிடம் இழுத்துக்கொண்டு அலைந்தார். கடைசியில் நான்தான் சண்டை போட்டு அங்கே சேர்த்தேன். அங்கே அவன் தூங்கினான், சாப்பிட்டான், மெல்ல மெல்லப் பழைய ஆளானான். வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று டாக்டர் சொன்ன அன்று போய்ப் பார்த்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"என் லேப்டாப்ப யாரும் தொடல தானே, அக்கா?"

"யாரும் தொடல லா. அலமாரியில அப்படியேதான் இருக்கு."

எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

அவன் வருவதற்குள் சார்ஜ் ஏற்றிவைக்கலாம் என்று அதை வெளியே எடுத்தேன். பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருந்தது. அம்மாவைக் கேட்டேன். ரொம்ப நாள் போடாமல் கிடந்ததில் தானாகப் போயிருக்கும் என்றார், அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல். நானும் நம்பினேன்.

சிலிபினில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். போர்டு போய்விட்டது, பழசு, புவாங் பண்ணிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு எடுங்கள் என்றார். பிளக்கைக்கூடச் சொருகிப் பார்க்கவில்லை. நாடி பிடித்துப் பார்க்காமலே ஆள் போய்விட்டான் என்று சொன்னால் எப்படி? என் தம்பியைப் பற்றியும் இதே தொனியில் பலபேர் பேசிக் கேட்டவள் நான். பொருளை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்து நானே பார்த்தேன். எனக்கு இந்த வேலை தெரியாது. போனில் யாரோ தமிழில் போட்டிருந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான். பட்டனை அழுத்தியதும் உள்ளே காற்றாடி சுற்றியது. தொடங்கும்போது வரும் சின்ன இசை கேட்டது. கீபோர்டில் பெரிய எழுத்துக்கான கட்டையைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைந்தது. அப்படியென்றால் போர்டு சாகவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, போனின் டார்ச்சைக் கறுப்புத் திரைமேல் சாய்த்துப் பிடித்தேன். மங்கலாக, மிக மங்கலாக, அவன் வைத்திருந்த படம் தெரிந்தது. கோயில் வாசலில் வரிசையாக வைத்த உருமிகள். படம் இருக்கிறது, அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் போய்விட்டது.

ஏன் போனது என்று பார்க்க, மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, முதலில் பேட்டரியைப் பிரித்தேன். தூசி இருக்கும் என்று நினைத்தேன். மஞ்சள் மஞ்சளாகக் காய்ந்த கறை இருந்தது. திரைக்குப் போகும் ஒயர் மாட்டுகிற இடத்தில் பச்சைக் களிம்பு. காற்றாடியில் நனைந்து இறுகிய விபூதி. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஓர் எலுமிச்சை விதை.

விதையைக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்தேன். அதன்பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. தம்பி வார்டில் இருந்தபோது மாமா பூசாரியிடம் கேட்டிருக்கிறார். காத்துக் கருப்பு பையனைவிட்டு இறங்கி, அவன் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். மாமாவும் அம்மாவும் அதை மஞ்சள் துணியில் சுற்றி, பீடோர் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளும் இல்லை, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கிடா வெட்ட நாங்கள் அங்கேதான் போவோம். அந்தச் சாமியின் முன்னால் லேப்டாப்பைத் திறந்துவைத்து, எலுமிச்சையை அறுத்து எழுத்துக் கட்டைகள்மேல் பிழிந்து, விபூதி போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழிப்புக் கழித்திருக்கிறார்கள்.

"ரொம்பல்லாம் ஊத்தல. கொஞ்சமாத்தான் தெளிச்சாங்க" என்றார் அம்மா.

நான் அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். என் கோபம் முனியாண்டிமேல் இல்லை, நானும் அவருக்குத் தேங்காய் உடைக்கிறவள்தான். உன் பொருளை யாரும் தொடவில்லை, அது உன் பயம் என்று டாக்டரும் நர்சுகளும் நானும் மாதக்கணக்கில் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவனும் கஷ்டப்பட்டு அதை நம்பக் கற்றுக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் இவர்கள் அவன் அறைக்குள் போய், அவன் பொருளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவன் நோய் சொன்ன பொய்யை உண்மையாக்கி வைத்திருக்கிறார்கள். இதைவிட ஒரு துரோகம் வேறு எப்படிச் செய்வது?

மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. பையன் தேறி வருவதே அந்தக் கழிப்பால்தான் என்றார். பிறகு புத்திமதி சொன்னார்.

"தானா போச்சுன்னு சொல்லிடு லா. தெரிஞ்சா மறுபடியும் அவனுக்கு ஏறிக்கும். அந்தப் பாவம் உனக்கு வேணுமா?"

அவர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் என்னைக் குத்தியது. சொன்னால் அவன் மறுபடி தூக்கம் கெட்டு வார்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த லேப்டாப்பின் ஒவ்வொரு கீறலும் அவனுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து அவன் தட்டில் வைத்தால், அதற்குப் பிறகு நான் சொல்லும் எதை அவன் நம்புவான்?

கிளினிக்கில் தரும் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பழைய பல்துலக்கியால் கறைகளைத் தேய்த்தேன். களிம்பு போனது, விளக்கு வரவில்லை. ஹால் டிவிக்கு ஒயர் போட்டேன். முதலில் அதிலும் ஒன்றும் வரவில்லை. செத்த திரைக்கே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது அந்த லேப்டாப். மாற்றலாம் என்றால் அதற்கு வேண்டிய கட்டைகளும் மஞ்சள் தண்ணீரில் செத்திருந்தன. தனியாக ஒரு கீபோர்டு மாட்டித் தட்டியதும், டிவி முழுக்க அவன் உருமிகள் வந்து நின்றன. கடவுச்சொல் கேட்டது. அதோடு அணைத்துவிட்டேன். அதற்குமேல் அது அவன் இடம்.

அவன் வந்த காலை, ஹாலில் டிவியையும் ஒயரையும் கீபோர்டையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். அம்மா சமையலறைக்குள் நழுவப் பார்த்தார். கூப்பிட்டு உட்காரவைத்தேன். விதையை அவன் உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விட்ட இடங்களை அம்மா அழுதுகொண்டே சொன்னார். அவன் விதையை விரலால் புரட்டிக்கொண்டே இருந்தான்.

"அப்போ தொட்டிருக்காங்க."

"தொட்டிருக்காங்க. எனக்கும் இப்பதான் தெரியும்."

"நான் நெனச்சது நெசம்."

"இது நெசம்."

என் முகத்தைப் பார்த்தான்.

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் இல்ல, தம்பி. பாட்டுக்குள்ள யாரும் பேசல."

விதையை மேசைமேல் வைத்தான். கீபோர்டை இழுத்துக்கொண்டு, கடவுச்சொல் போடணும், அந்தப் பக்கம் திரும்பிக்க அக்கா என்றான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கட்டைகள் தட்டும் சத்தம், பிறகு உருமி. திரும்பிப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு வெறும் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.