ஐந்தரை மணி நேரம் முன்னால் வந்த பாலன்

எங்கள் வீட்டுக் குடிலில் பாலனை வைப்பது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்பிய வம்பு.

கிறிஸ்துமஸ் குடில் டிசம்பர் பாதியிலேயே தயாராகிவிடும். மாட்டுக்கொட்டகை, மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு, ஒட்டகம் எல்லாம் வந்து நின்றுவிடும். நடுவில் தொட்டில் மட்டும் காலியாகக் கிடக்கும். இருபத்து நாலாம் தேதி ராத்திரி எட்டு மணிப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு அடித்த பிறகுதான் குழந்தை இயேசுவை அதில் கிடத்த வேண்டும். அதுவரை பாலன் பீரோவுக்குள். என் கணவர் வீட்டு வழக்கப்படி, கிடத்துவது வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளை. எங்கள் வீட்டில் பிள்ளை இல்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, போகாத திருத்தலம் இல்லை. அதனால் நானே கிடத்துகிறேன்.

கணவரின் அக்காவுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, இது பொறுக்காது. வருஷா வருஷம் பூந்தமல்லியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஒரு பச்சப்புள்ள கையால வச்சாத்தாம்மா வீட்டுக்கு நல்லது" என்பார். கெட்ட மனசெல்லாம் கிடையாது. அந்த வாய்க்கு அவ்வளவுதான் தெரியும். நானும் "பாக்கலாம் அண்ணி" என்று பல்லைக் காட்டிவிட்டு, பாலனை யார் கையிலும் கொடுக்காமல் நானே வைப்பேன். வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுவேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேக் வெட்டுவேன்.

பாலனைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிலில் மற்ற பொம்மைகள் எல்லாம் விரல் உயரம். பாலன் மட்டும் ஒன்றரைச் சாண். கல்யாணமான வருஷம் வாங்கியது. "இது கோயில் குடிலுக்குங்க, ஊட்டுக்கு சின்னது கீது" என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். கையில் எடுத்தேன், கனமாக இருந்தது. கீழே வைக்க மனசு வரவில்லை. "இந்தப் பிள்ளை எழுந்து நின்னா சூசையப்பரை இடுப்புல தூக்கி வச்சுக்கும்" என்று என் கணவர் இன்றுவரை கிண்டல் செய்கிறார். செய்யட்டுமே.

போன வருஷம் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. குடிலைச் சுற்றி ஒரு ஊரையே கட்டி, எல்லாவற்றையும் தானாக இயங்க வைக்க வேண்டுமாம். அவர் திருச்சிக்காரர், ஐ.டி.யில் வேலை, கோடு எழுதத் தெரியும். ஆனால் ஒரு வயரை உரிக்கச் சொன்னால் விரலைத்தான் உரித்துக்கொள்வார். நான் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளுக்குச் சால்டரிங் வைப்பதுதான் என் பிழைப்பு. ஆக மூளை அவருடையது, கை என்னுடையது என்று பேச்சு. அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். யாருக்கு மூளை என்பது எனக்குத் தெரியும்.

பெத்லகேம் வேண்டாம், நம் திருமுல்லைவாயிலையே செய்வோம் என்றேன். அட்டையில் ரயில்வே ஸ்டேஷன், தெர்மாகோலில் தண்ணீர்த் தொட்டி, டீக்கடை, ஷேர் ஆட்டோ, மாடி மாடியாக ஃபிளாட்டுகள். பாறை மாதிரி அச்சடித்த மலைத்தாளைக் கசக்கிப் பின்னால் நிறுத்தினோம். தரையெல்லாம் கேழ்வரகு தூவி முளைக்க விட்டோம், அதுதான் புல். யாராவது குடில் பக்கம் வந்தால் சென்சார் கண்டுபிடித்துவிடும், தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். போனில் ஒரு பட்டனை அழுத்தினால் ஃபிளாட் ஜன்னல்கள் மஞ்சளாகும், டீக்கடை பாய்லரில் சிவப்பு வெளிச்சம் வரும், ஸ்டேஷனில் ரயில் கிளம்பும். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒட்டகம் நின்றது. அது இல்லாமல் குடில் இல்லையே.

கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளித்தால் வயரில் ஈரம் இறங்கி எல்லாம் அணைந்து போகும். முதல் வாரம் நாலைந்து முறை இதே கூத்து. அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து "கோடுலதான் ஏதோ பிரச்சினை" என்று தலையைச் சொறிந்தார். "யோவ், கோடும் இல்ல, ரோடும் இல்ல. தண்ணி பூந்துகினு கீது, நவுரு" என்று அவரைத் தள்ளிவிட்டு, சால்டர் வைத்த இடத்திலெல்லாம் என் நெயில் பாலிஷைப் பூசினேன். அதற்கப்புறம் அணையவில்லை. நல்ல மூடில் நான் அவரை "ஏங்க" என்பேன். யோவ் என்றால் அவரும் பேசாமல் நகர்ந்துவிடுவார்.

ஒரு நாள் சென்னீர்குப்பம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து கார் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவ்வளவு பெரிய மோட்டார் எதற்கு என்று கேட்டேன். "நட்சத்திரம் சுத்துறதுக்கு" என்றார். காகித நட்சத்திரத்தைச் சுற்ற இதுவா? ஆனையைக் கட்டி இழுப்பது மாதிரி இருக்கிறதே என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அப்போதே நான் நோண்டியிருக்க வேண்டும்.

இருபத்து நாலாம் தேதி மத்தியானம், பாலனைத் துடைத்து வைக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். பெட்டி இருந்தது. உள்ளே பஞ்சு இருந்தது. பாலன் இல்லை.

புடவைகளை எல்லாம் வாரிக் கீழே போட்டேன். கட்டிலுக்கு அடியில், பரணில், அரிசி டிரம்மில்கூடப் பார்த்தேன். அரிசிக்குள் பாலன் எப்படிப் போவார்? அதெல்லாம் யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. கணவரிடம் கேட்டேன். "எங்கேயும் போகாது, சாயங்காலம் கிடைச்சுடும், நீ டென்ஷன் ஆகாதே" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அடப்பாவி மனுஷா, நான் வீட்டையே புரட்டிப் போடுகிறேன், இவருக்கு எங்கிருந்து இந்த நிதானம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அன்பியக்காரர்கள் வந்தார்கள். அன்பியம் என்றால் எங்கள் தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் கூட்டம். பூசைக்குப் போகும் முன் வீடு வீடாகப் போய்க் குடில் பார்ப்பார்கள். நாத்தனாரும் மகளோடு வந்துவிட்டார். ஹால் நிறைந்துவிட்டது. நான் காபி டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தேனே தவிர, மனசெல்லாம் பீரோவிலேயே கிடந்தது.

தெருவிளக்குகள் எரிந்ததும் எல்லோரும் "ஆ" என்றார்கள். ரயில் ஓடியதும் பக்கத்து வீட்டம்மா, "இன்னாம்மா, நெசமாவே நம்ம ஸ்டேஷன் மாரியே கீது!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நாத்தனார் அந்த நேரம் பார்த்து மகளை முன்னால் தள்ளி, "இந்த வருஷமாவது இவ கையால வைக்கட்டுமே" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

மணி ஆறரை. திடீரென்று எல்லா விளக்கும் அணைந்தது. ஸ்பீக்கரில் கோயில் மணி அடித்தது. கொட்டகைக்கு உள்ளேயிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். தொட்டிலில் கிடந்த வைக்கோல் இரண்டாகப் பிளந்து, ஒரு நீல வெளிச்சத்தில், என் பாலன் கீழேயிருந்து மேலே வந்தார். கார் கண்ணாடி ஏறுவது மாதிரி, நிதானமாக, விறைப்பாக.

பக்கத்து வீட்டம்மா கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. "ஐயோ மாதாவே, இன்னும் பூசையே ஆவலியே!" என்று அலறினார். "நேரம் தப்பாயிடுச்சு, நேரம் தப்பாயிடுச்சு" என்று என் கணவர் போனைத் தட்டிக்கொண்டே குடிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஓடினார். குடிலை இயக்குகிற போர்டு இணையத்திலிருந்து எடுக்கிற நேரம் லண்டன் கணக்காம். நம் ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை செய்து செய்து எதைப் பார்த்தாலும் ஐந்தரையைக் கூட்டிப் பழகின கை. ஒரு தடவை கூட்டியதை மறந்து இன்னொரு தடவை கூட்டித் தொலைத்திருக்கிறார். அந்தப் போர்டுக்கு அப்போது நடு ராத்திரி பன்னிரண்டு.

எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே, "இதுவும் நல்லதுக்குத்தான். இனிமே யாரு வைக்கிறதுங்கிற பேச்சே இல்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே வந்தவர் என் பாலன்தானா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போய்த் தூக்கினேன். வரவில்லை. எங்கோ பிடித்துக்கொண்டிருந்தது. லேசாகத் திருப்பிப் பார்த்தேன்.

முதுகில் ஒரு திருகாணி.

டிரில் போட்டு, அந்தக் குழந்தையின் முதுகில் ஓட்டை போட்டு, இரும்புக் கம்பியோடு சேர்த்து முடுக்கியிருந்தார். ஓட்டையைச் சுற்றி வெள்ளைச் சாந்து பெயர்ந்து, என் விரலெல்லாம் மாவு. பொம்மைதான். கடையில் வாங்கின பொம்மை. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் முதுகில் யாரோ குத்திவிட்டது மாதிரி நான் அலறிய அலறலில் ஹாலில் சிரிப்பு நின்றது. நாத்தனாரின் மகள் பயந்துபோய் அழ ஆரம்பித்தாள்.

அன்பியக்காரர்கள் செபம்கூடச் சொல்லாமல் ஒவ்வொருவராக நழுவினார்கள். நாத்தனார், "நாங்க முன்னாடி கோயிலுக்குப் போறோம்" என்று மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் இருவர் மட்டும் குடில் முன்னால் நின்றோம்.

"கழட்டு" என்றேன்.

அவர் திருப்புளியை எடுத்தார். "உனக்காகத்தாம்மா செஞ்சேன்" என்றார். "வருஷா வருஷம் அக்கா அந்தப் பேச்சை எடுக்குது. நீ வச்சுட்டு உள்ள போய் அழுவுற. குழாய்ச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா? அது தானா வந்துட்டா, யாரு வைக்கிறதுன்னு கேள்வியே இல்லையேன்னு பாத்தேன். உனக்கு அந்தக் கஷ்டம் வேணாமேன்னு பாத்தேன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. திருகாணியைப் பார்த்ததைவிட இதைக் கேட்டுத்தான் நான் அதிகம் ஆடிப்போனேன்.

"யோவ்" என்றேன். "வைக்கிறதுக்கா நான் அழுவுறேன்? பீரோலேர்ந்து எடுத்துத் தொட்டில் வரைக்கும் கையில வச்சிகினு வரேன் பாரு, வருஷத்துல எனக்கு அது ஒண்ணுதான்யா கீது. வச்சிட்டா கையை எடுக்கணுமே. அதுக்குத்தான்யா அழுவுறேன்."

அவர் திருப்புளியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் திருகாணியைக் கழற்றி, பாலனை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தார்.

சாந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு துண்டை எடுத்துச் சுற்றினேன். பூசைக்கு நேரமாகிவிட்டது, கீழே வைத்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தேன். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் யாரையும் பார்க்கவில்லை. அவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கோயிலில் கூட்டம் வாசல் வரை வழிந்தது. வெளியே பந்தலில்தான் நிற்க இடம் கிடைத்தது. பனி இறங்குகிற மாதிரி இருந்தது, துண்டின் நுனியை இழுத்து மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மா, முன்பின் தெரியாதவர், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஓய்ந்த நேரத்தில் என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"தூங்குதா?"

"ஆமாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. இல்லை, இது பொம்மை என்று திருத்த வாயெடுத்தேன், ஆனால் துண்டைத்தான் இன்னும் இறுக்கிச் சுற்றினேன். அதைக் கேட்டுவிட்டார் போலிருக்கிறது என் கணவர். பின்னால் நின்றவர் முன்னால் வந்தார். நற்கருணை அப்பம் வாங்க ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நகர, "பாத்துப் போங்க, குழந்தை இருக்கு" என்று சொல்லியபடி, எங்கள் மேல் யாரும் இடித்துவிடாமல் பூசை முடியும் வரை கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார்.