ரைன் பாலத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டு

2009 மே மாதம், சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு பிராங்பேர்ட்டில் நானும் என் மகள் சுபாவும் ரயில் ஏறினோம். கொலோன் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். நாங்கள் எடுத்தது முப்பத்தேழு யூரோ வார இறுதி டிக்கெட். ஐந்து பேர் வரை போகலாம், ஆனால் மெதுவான ரயில்களில் மட்டும்.

"ரைன் கரையோரமா போகும்ப்பா. கோட்டையா வரும், பாருங்க."

நான் பார்த்தது என் தோள்பையை. பாஸ்போர்ட் அதற்குள் இருந்ததால், இரண்டு ஜிப்புகளையும் சேர்த்து ஒரு சின்னப் பித்தளைப் பூட்டுப் போட்டிருந்தேன்.

கோட்டையை ரசிக்கும் நிலையிலும் நான் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து நான் வந்து இறங்கிய அன்றே சுபா சொல்லிவிட்டாள்: "நிரோஷன்னு ஒருத்தர்ப்பா. யாழ்ப்பாணக் குடும்பம், இங்கயே வளர்ந்தவர். நீங்க சரின்னு சொன்னாதான் அம்மாகிட்ட பேசுவேன்." நான்கு நாட்களாக நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குக் கொலோன். நிலையத்தில் நிரோஷன் காத்திருந்தார்.

"வாங்கோ அங்கிள். களைச்சுப் போனியளே?" என்றவர் பையைப் பார்த்துச் சிரித்தார். "பைக்கும் பூட்டோ?"

"தூங்கும்போதும் கழற்ற மாட்டார்" என்றாள் சுபா.

தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் ரயில் பாலம். ஓரத்தில் நடைபாதை. ரயில் போகும்போதெல்லாம் காலடியில் அதிர்ந்தது. கைப்பிடியை இறுகப் பற்றினேன். தண்டவாளத்தை மறைக்கும் கம்பி வேலி முழுக்கப் பூட்டுகள்! திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வாசலில்கூட நான் இத்தனை பார்த்ததில்லை.

"காதலிக்கிற ஆக்கள் பேரெழுதிப் பூட்டிப்போட்டு, திறப்பை ஆத்துக்குள்ள எறியிறவை. போன வருசம்தான் துவங்கினது" என்றார் நிரோஷன்.

திறப்பு என்றால் அவர்கள் பேச்சில் சாவி. சாவியை ஆற்றில் எறிவதாவது!

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்தார். "நாலு மாசமா இதுக்குள்ளயே கிடக்கு அங்கிள். உங்களைக் கேக்காமல் பூட்ட ஏலாது எண்டு சுபா சொல்லிப்போட்டா."

சுபா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பூட்டை வாங்கி, அழுத்திப் பூட்டி, வீட்டுக் கதவில் செய்வதைப்போல மூன்று முறை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் திறந்துகொண்டது.

நிரோஷனின் முகம் வாடிவிட்டது. "அப்பா!" என்று சுபா திரும்பினாள்.

"இதை நம்பியா சாவியைத் தூக்கிப் போடப் போறீங்க?" என்று கேட்டேன். பிறகு குனிந்து என் பைப் பூட்டைக் கழற்றி நீட்டினேன். "எங்க ஊர்ப் பூட்டு தம்பி. மாட்டிட்டு இழுத்துப் பாருங்க."

வேலியில் மாட்டினார். பலம்கொண்ட மட்டும் இழுத்தார். அசையவில்லை.

"அங்கிள்... அப்ப ஓமோ?"

"ஓம்" என்று அவர் பேச்சிலேயே சம்மதம் சொன்னேன்.

சுபா என் தோளில் முகம் புதைத்துக்கொண்டு சிரித்தாள், சட்டை நனைந்தது. இரண்டு சாவிகளில் ஒன்றைத்தான் எறியக் கொடுத்தேன்.

திரும்பும்போது, பூட்டில்லாத பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். சுபா எழுப்பித்தான் கோட்டைகளைப் பார்த்தேன். மாலை வெயிலில் நன்றாகத்தான் இருந்தன.

அம்மாவிடம் சொல்லும் பொறுப்பையும் என் தலையில் கட்டியே அனுப்பினாள். திண்டுக்கல் வந்து சேர்ந்ததும் மனைவியின் கண் முதலில் பைக்குத்தான் போனது.

"பூட்டை எங்கங்க தொலைச்சீங்க?"

"தொலைக்கல. நல்ல இடத்துல பூட்டிட்டு வந்திருக்கேன்" என்று மிச்சமிருந்த சாவியை அவள் கையில் வைத்தேன். "உட்காரு, சொல்றேன்."