எதிர்வீட்டு அக்காவின் போன்

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்குப் போன் டாக்டர் நான்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை; நோண்டி நோண்டிக் கற்றது. எதிர்வீட்டுத் திருநெல்வேலி அக்கா சாயங்காலம் காபி டம்ளரோடு வந்து, "ஏட்டி, இத என்னன்னு பாரு" என்று போனை நீட்டுவாள். அதைக் கேட்பதற்காகவே ஆபீஸிலிருந்து ஓடிவருவேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கீழ்வீட்டுக்குக் கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி குடிவந்தாள். ஒரு நாள் அக்கா வாசலில் நின்று போனை ஆட்டினாள். கையில் காபி இல்லை.

"பையன் கிரிக்கெட் ஸ்கோர் பாக்கையில கண்ட கண்ட விளம்பரம் வருமே, இப்ப ஒண்ணும் வரல. பிரைவேட் டிஎன்எஸ்ஸாம். கீழ்வீட்டுப் பிள்ளை போட்டுக் குடுத்தா. நாம எந்த சைட்டைத் தேடுதோம்னு வழியில யாரும் எட்டிப் பாக்கவும் முடியாதாம். உனக்குத் தெரியாதாட்டி?"

"தெரியுமே," என்றேன். தெரியாது.

கதவைச் சாத்திக்கொண்டு என் போனில் செட்டிங்ஸைத் திறந்தேன். வீட்டு வைஃபை பெட்டியில் டிஎன்எஸ், அதாவது சைட்டின் பெயரைச் சொன்னால் அதன் இடத்தைத் தேடித் தரும் சேவை, என்றால் எண்களைப் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். இங்கேயும் எண்களையே போட்டேன். 'சேவ்' பொத்தான் வெளிறியே கிடந்தது. விளம்பரத்தை வடிகட்டும் சேவையின் முகவரியை எண்ணாக இல்லாமல் பெயராகத்தான் இந்த இடம் கேட்கிறது என்று புரிய நாளாயிற்று. கீழே இறங்கிக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம். கேட்பேனா?

பிறகு ஒரு சாயங்காலம் அக்கா இரண்டு டம்ளரோடு வந்தாள். "எங்க ஆபீஸ் வைஃபைல நெட்டே வரமாட்டேங்குது. பாரு."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்த ஆபீஸ் வைஃபை இந்த டிஎன்எஸ்ஸை விடவில்லை, அவ்வளவுதான். 'ஆஃப்' செய்து கொடுத்தால் விளம்பரங்கள் திரும்ப வரும், கீழ்வீட்டுக்காரியின் பேரும் கெடும். விரல் அங்கேயே நின்றது. ஆனால் அந்தக் கண்ட கண்ட விளம்பரத்தைப் பார்க்கப்போவது அக்காவின் பையன் அல்லவா?

"ஆபீஸ்ல 'ஆட்டோமேட்டிக்'னு மாத்திக்கோங்கக்கா. வீட்டுக்கு வந்ததும் மறக்காம பழையபடி வைங்க," என்று செய்து காட்டினேன்.

"அச்சா! கீழ்வீட்டுப் பிள்ளையும் இதத்தான் சொன்னா. நீயும் அதையே சொல்லுதியான்னு பாக்க வந்தேன்."

ஒரு டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு கீழ்வீட்டுக்குப் படியிறங்கினாள். எதில் நுரை அதிகம் என்று எட்டிப் பார்த்தேன்.