லிட்டருக்கு ஒன்பது

சென்ற மாதம் மதுரையில் கார் வாங்கப் போயிருந்தோம். விற்பனைப் பையன் நல்ல சுறுசுறுப்பு. லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, நான் மகிழ்வதற்காகக் காத்து நின்றான். “குடும்பத்த ஏத்திக்கிட்டு ஓட்டுனா எம்புட்டு குடுக்கும்?” என்று கேட்டேன். கேட்ட குரல் என்னுடையது போலவே இல்லை. அப்பாவின் குரல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமாவின் பழைய காரையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாமா, அம்மாவின் அண்ணன். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அவருடைய பெரிய காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சிவகாசியில் எங்கள் தெரு அகலம் குறைந்தது. கார் நின்றதும் அது இன்னும் ஒடுங்கிப் போயிற்று. வெள்ளை நிறம். பின்சீட்டோடு முடிந்துவிடாமல் அதற்குப் பின்னாலும் ஒரு சிற்றறை போல நீண்டிருக்கும். கடைசிக் கதவு மேல்நோக்கித் திறக்கும். எஸ்டேட் கார் என்றார் மாமா. எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம் என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு அந்தப் பெயர் புரியவில்லை. ஆனால் நானும் தம்பியும் அந்தப் பின்னறையில் ஏறிக் கால் நீட்டிப் படுத்துப் பார்த்துவிட்டோம். அதன் பிறகு பெயரைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்.

மாமா புதிதாக உயரமான வண்டி ஒன்று வாங்கியிருந்தார். “இத வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல மாப்ள. ஓட்டிப் பாத்துட்டு நீங்களே வெலைக்கு வச்சுக்கங்க” என்றார் அப்பாவிடம்.

அப்பா சின்னதாக ஒரு அச்சகம் நடத்திவந்தார். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள் அடிப்பதுதான் தொழில். ஆர்டரில் பெரும்பகுதி மாமா கம்பெனியிலிருந்து வந்தது. அதனால் மாமா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லுவது எளிதல்ல. அப்பாவுக்கும் அந்தக் காரின் மேல் ஆசைதான். லேபிள் கட்டுகளையும் எங்களையும் ஒன்றாக ஏற்றினால் எங்கள் சின்னக் கார் சாத்தூர் மேம்பாலம் ஏறுவதற்குள் முனக ஆரம்பித்துவிடும். மாமாவின் காரோ ஆக்சிலேட்டரில் கால் பட்டாலே முன்சீட்டில் இருப்பவரை முதுகோடு சாய்த்துவிடும். அவ்வளவு இழுவை. மாமா போன பிறகு அப்பா அந்தக் காரில் தனியாக ஏறி, வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அவருக்கு இருந்த ஒரே பயம் பெட்ரோல்.

“பதினாலுக்குக் கொறையாது” என்று மாமா சொல்லியிருந்தார், தன் பிள்ளையின் மார்க்கைச் சொல்லுவதுபோல. காரோடு வந்த புத்தகமும் அதையேதான் சொன்னது. அப்பா இரண்டையும் நம்பவில்லை. “கம்பெனிக்காரன் ஒத்த ஆள உக்கார வச்சு, ஏசி போடாம, ஒரே சீரா ஓட்டிப் பாத்துச் சொல்ற கணக்கு அது. நம்ம ஆளுகள ஏத்தி, நம்ம ரோட்டுல ஓட்டுனாத்தான் நெசம் தெரியும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

அவர் சோதிக்கும் முறை எங்களுக்குத் திருவிழா. பெட்ரோல் பங்கில் டேங்கை வாய்வரை நிரப்பச் சொல்லுவார். நிரம்பியதும் நானும் தம்பியும் காரின் பின்புறத்தைப் பிடித்துக் குலுக்குவோம். உள்ளே தங்கியிருக்கும் காற்று குமிழிட்டு வெளியே வரும். மறுபடியும் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். பங்க்காரர் எங்களை விசித்திரமாகப் பார்ப்பார். ஓடிய தூரம் காட்டும் கருவியைச் சைபருக்குத் திருப்பிவிட்டுக் கிளம்புவோம். ஓட்டி முடித்ததும் அதே பங்கு, அதே குழாய், அதே குலுக்கல். இரண்டாம் முறை எத்தனை லிட்டர் பிடித்ததோ, அந்த அளவால் ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மை வந்துவிடும். வகுத்தல் கணக்கு எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

அந்த வாரம் சிவகாசித் தெருக்களிலும், விருதுநகர் சந்தை நெரிசலிலும், சூலக்கரை அரசு அலுவலகங்களுக்கும் ஓட்டிப் பார்த்ததில் கிடைத்தது எட்டு. மாமா வீட்டுக்கு வந்தபோது அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். “வண்டியக் குத்தம் சொல்லல மச்சான். நல்லா இழுக்குது. ஆனா நல்லாக் குடிக்கவும் செய்யுது.”

மாமாவின் முகம் சுருங்கியது. “டவுனுக்குள்ள உருட்டுனா அம்புட்டுத்தான் வரும். இது ஓட வேண்டிய வண்டி மாப்ள. ஞாயித்துக்கெழம பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அப்படியே கோவில்பட்டி வரைக்கும் விட்டுப் பாருங்க. அப்பத் தெரியும்.”

காபி கொண்டுவந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா காரைப் பார்த்தார். மாமா தன் விரல் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டி என்ற ஊரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லிப் பல நாள் ஆகியிருந்தது.

அங்கேதான் சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. சின்ன வயதிலேயே அவர்களுடைய அப்பா அம்மா இருவரும் போய்விட்டதால் மாமாதான் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தார். படிக்க வைத்தார். கம்பெனி ஆபீஸில் தன் மேஜைக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். அவள் வேறு சாதியைச் சேர்ந்த ஓர் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று மாமா சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அவளோடு பேசுகிறவர்கள் தன்னோடு பேச வேண்டாம் என்பதுதான் அது. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அதனாலேயே யாரும் அதை மீறவில்லை. எனக்கு ரெட்டைச் சடை போட்டுவிடுகிறவள் சித்திதான். அவள் போன பிறகு அம்மா என் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது வீடு முழுக்க வெல்லப்பாகு வாசனை. அம்மா முந்திரிக்கொத்து செய்து ஒரு பெரிய தூக்குவாளி நிறைய அடுக்கியிருந்தாள். போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பப்போகிற பயணத்துக்கு எதற்கு இவ்வளவு என்று தம்பி கேட்டான். அம்மா வாளியின் மூடியை அழுத்தி மூடினாள். அப்பாவைப் பார்த்து, “வெயிட்டு ஏறுதோ?” என்றாள்.

“ஏறட்டும். வெயிட்டோட ஓட்டுனாத்தான நெசம் தெரியும்” என்றார் அப்பா.

சாத்தூர் வரைக்கும் பட்டாசுக் கம்பெனிகளின் வெடிமருந்து அறைகள் வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நின்றன. அதைத் தாண்டி நாற்கரச் சாலையில் ஏறியதும் கார் தன் சுயரூபத்தைக் காட்டியது. லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நாங்கள் பின்னறையில் படுத்துக்கொண்டு பின்கண்ணாடி வழியே அவற்றுக்கு டாட்டா காட்டினோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. எப்போதும் ஏசி போடச் சொல்லுகிற அம்மா அன்றைக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் அடிக்கிற காற்றைத் தடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கோவில்பட்டி வந்ததும் திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். அப்பா ஊருக்குள் வண்டியை விட்டார். “டவுன் டிராபிக்லயும் பாக்கணும்ல” என்றார், யாரும் கேட்காமலேயே. அம்மா தணிந்த குரலில் வழி சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. நேரே, இடது, தண்ணீர் டேங்குக்கு அடுத்த தெரு. எங்கள் தெருவை விடவும் குறுகலான தெரு அது. கார் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தது.

தெருக்குழாயில் சித்தி குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. எஞ்சின் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். அந்தக் காரில்தான் அவள் முன்பு கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா. எங்கள் முகங்களைப் பார்க்கக்கூட அவள் நிற்கவில்லை. குடத்தை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையை அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். குடம் நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடியது.

“அண்ணன்னு நெனச்சுட்டா” என்றாள் அம்மா. “வேணாங்க. போயிருவோம்.”

அப்பா தெருமுனை வரை போய் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பினார். “எஞ்சின் சூடாயிருக்கு. ஆறவிட்டுத்தான் எடுக்கணும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீ எறங்கி நடந்து போ. வந்தது மச்சான் இல்லன்னு சொல்லு” என்றார்.

பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அம்மா முதலில் குழாயை அடைத்தாள். பிறகு, நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் தூக்குவாளியோடு, அந்த வீட்டுக்கே தினமும் தண்ணீர் எடுக்கிறவள் போல நடந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். கதவைத் தட்டக் கையில்லை. வாயால் கூப்பிட்டிருக்க வேண்டும். கதவு கொஞ்சம்போலத் திறந்தது. அப்புறம் முழுதாகத் திறந்தது.

அப்பா எங்களுக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். பானெட்டைத் திறந்துவைத்து, ஒரு கோளாறும் இல்லாத எஞ்சினை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா திரும்பி வந்தபோது இடுப்புப் பக்கம் சேலை நனைந்திருந்தது. தூக்குவாளி இல்லை.  சாத்தூர் வந்த பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, “பிள்ளைக்கு அப்படியே அண்ணன் மூக்கு” என்றாள்.

“அப்படியா” என்றார் அப்பா. வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

பங்கில் குலுக்கி, நிரப்பி, வகுத்ததில் கிடைத்தது ஒன்பது. அவ்வளவு தூரம் ஹைவேயில் ஓடியும் ஒன்பது. அப்பா உதட்டைப் பிதுக்கினார். அம்மா காரணமே இல்லாமல் சிரித்தாள். வீட்டு வாசலில் இறங்கும் முன் எங்கள் இருவரையும் பிடித்து நிறுத்தி, சித்தியைப் பார்த்ததை மாமாவிடம் மூச்சுவிடக் கூடாது என்றாள்.

சாயங்காலம் மாமா வந்தார். ஒன்பது என்று கேட்டு இந்த முறை அவர் கோபப்படவில்லை. “ஒரு நாள் ஓட்டுனதெல்லாம் கணக்காகாது மாப்ள. காத்து எதுத்து அடிச்சிருக்கும். அடுத்த ஞாயித்துக்கெழமையும் அதே ரோட்டுல போட்டுப் பாருங்க” என்றார்.

நாங்கள் போனோம். அதற்கு அடுத்த ஞாயிறும் போனோம். அந்த மாதமே அப்பா காரை வாங்கிக்கொண்டுவிட்டார். ஆனாலும் சோதனை நிற்கவில்லை. உலகத்தில் வேறெந்தக் காரையும் யாரும் அத்தனை காலம் சோதித்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் எவ்வளவு கொடுக்கிறது, புது டயருக்கு எவ்வளவு கொடுக்கிறது, ஏசி போட்டால் எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொரு முறையும் மாமா ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னார். தீபாவளி சீசனில் கம்பெனியில் நிற்க நேரமில்லாத நாட்களில்கூட போன் செய்து, “வண்டி இந்த வாரம் ரோட்டுல ஓடலையா?” என்று கேட்டார். எப்படி ஓட்டினாலும் ஒன்பதுக்கு மேல் அந்தக் கார் தரவே இல்லை.

மாமா ஒருநாளும் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. சித்தியும் இந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிடிவாதம் என்பாள் அம்மா. நான் கல்லூரியில் படிக்கும்போது மாமா இறந்துபோனார். அன்றைக்குத்தான் சித்தி மாமா வீட்டுப் படியேறினாள். அதற்கு வெகுநாள் கழித்து நான் அப்பாவிடம் கேட்டேன், மாமாவுக்குத் தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. அப்பா என்னை வியப்போடு பார்த்தார். “அந்த ரோட்டக் காட்டி விட்டதே அவருதான?” என்றார்.

காரைச் சோதித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில் நடந்த ஒன்று மட்டும் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியும் குழந்தையும் எங்கள் காரில் ஏறினார்கள். ஊர் எல்லை வரைக்கும் ஒரு சுற்று. சித்தி பின்சீட்டில் உட்கார்ந்து, முடி வளர்ந்துவிட்டதே என்று எனக்குச் சடை போட முயன்றாள். குழந்தை பின்னறையில் தம்பியோடு உருண்டு விளையாடியது. சாயங்காலம் மாமா வந்தபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். மாமா காருக்குப் பக்கத்தில் நின்றார். கடைசிக் கதவின் மேல் கைவைத்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“இன்னைக்கு எம்புட்டு குடுத்துச்சு தாயி?”

“ஒம்பது மாமா.”

“கூட ஆளு ஏறுனா கொறையுமே. கொறஞ்சுச்சா?”

எனக்கு அம்மாவின் கட்டளை நினைவுக்கு வந்தது. “இல்ல மாமா. கூட யாருமே ஏறல. நாங்க நாலு பேருதான்.”

“யாருமே ஏறலயா?”

“இல்ல மாமா.”

அவர் தலையை ஆட்டினார். “சரி தாயி” என்றார். அதற்குப் பிறகும் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கண்ணாடி வழியே காலியான பின்னறையைக் குனிந்து பார்த்தார். பெட்ரோலைப் பற்றி இன்னும் ஏதோ கேட்கப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ரகசியத்தைச் சரியாகக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.