தங்கா பத்து சேறும் ஒரு பேட் எண்டிங்கும்

இன்னைக்கு ஆயர் குரோ டவுன்ல இருக்கிற என் ஆபிஸ்ல, லஞ்ச் டைம்ல, போன்ல ஒரு ஜப்பான் கதை கேம் ஆடினேன். வசனத்தப் படிச்சு, அடுத்து என்னன்னு நாமதான் அமுக்கணும்.

அதுல தண்ணி வத்துன கடற்கரை. பிள்ளைங்க சிலிப்பரைக் கையில மாட்டிக்கிட்டு சேத்துல சிப்பி தோண்டுதுங்க.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

பக்கத்து சீட் மாலா அக்கா, "ஜப்பானப் பார்த்து ஏன் அழுவுற?"ன்னாங்க.

"நான் வளர்ந்த தங்கா பத்து கடற்கரை மாதிரியே இருக்குக்கா."

"அங்க வெறும் சேறுதானே லா."

"ஆமா, சேறுதான். என் சேறு."

கடைசியில கேம் கேட்டுச்சு: பட்டணம் போறியா, இங்கயே இருக்கியா?

இருக்கேன்னு அமுக்கினேன். 'பேட் எண்டிங்', அதாவது மோசமான முடிவுன்னு வந்துச்சு.

"போறேன்னு அமுக்கு, ஜெயிக்கலாம்"னாங்க அக்கா.

மறுபடியும் இருக்கேன்னுதான் அமுக்கினேன்.

அந்த பேட் எண்டிங் படம்தான் இப்ப என் போன் வால்பேப்பர். பிடிக்காதவங்க கமெண்ட்ல வாங்க.